காலிதீன் விதைத்த புல்

நிந்தவூர் காலிதீனுக்குப் புல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. பள்ளிவாசல் முற்றத்தில் நின்று கதைக்கும்போதும் குனிந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டுத்தான் பதில் சொல்வார். மீசை அரும்புமுன்பே வாப்பாவோடு வயலில் இறங்கியவர். வெள்ளத்தையும் வறட்சியையும் பொறுத்துக்கொள்வார். வரம்பிலிருந்து வயலுக்குள் ஓடிவரும் அறுகம்புல்லை மட்டும் பொறுக்கமாட்டார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, அவர் மனைவி நதீரா கொழும்பில் தங்கை வீட்டில் தங்கிவிட்டு ஒரு பைக்கற்றோடு வந்து இறங்கினாள். உள்ளே புல் விதை.

"மனிசன் புடுங்கி எறியிறத்த நீ வீட்டுக்குக் கொண்டு வாறியா புள்ள?"

"முத்தத்துல போடத்தான் மச்சான். சோத்துலயும் மணல், பாயிலயும் மணல். கூட்டிக் கூட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

அவள் யோசியாமல் வாங்கவில்லை. கடைக்காரர் முதலில் காட்டியது நுவரெலியாக் குளிருக்கான மெல்லிய புல். "எங்கட ஊர் கடற்கரை. உப்புக்காத்து, கொதிக்கிற வெயில்" என்று சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதற்கும் சாகாத இனம் என்று அவர் சொன்னதை வாங்கியிருந்தாள். பைக்கற்றில் ஒரு வெள்ளைக்காரன் பங்களாவும் அதன் முன்னே பச்சைப் புல்தரையும் இருந்தன.

விதை என்று வந்தபின் அதை வேறொருவர் பிழையாக விதைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கக் காலிதீனால் முடியவில்லை. மாரி ஓய்ந்ததும் முற்றத்தைக் கொத்தி, மாட்டெரு கலந்து, வயலைப்போலவே பலகை போட்டு மட்டம் பார்த்தார். விதை தூசு மாதிரி இருந்தது. மணலோடு கலந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி வீசினார். கோழி கிளறாமல் பழைய மீன்வலையை மேலே விரித்து, காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்தார்.

பக்கத்து வீட்டுச் சபூறா வேலிக்கு மேலால் கேட்டாள்: "காலிதீன் காக்கா, அறுவடை எப்ப?"

"வெட்டக்குள்ள ஒங்களுக்கும் ஒரு மூடை அனுப்புறன்."

இரண்டு கிழமையாக ஒன்றும் முளைக்கவில்லை. நதீராவைவிட அவர்தான் வாடிப்போனார். பிறகு ஒருநாள் விடியற்காலை வலைக்கடியில் பச்சை ஊசிகள் தெரிந்தன. நதீராவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

புல் வளர்ந்து தரையில் கொடி விட்டது. கணுவுக்குக் கணு வேர் இறங்கியது. காலிதீன் குந்தியிருந்து ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்தார். அப்படியே மணலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன மச்சான்?"

"புள்ள, இது அறுகு. நம்மட வரம்புல கெடக்குற அதே அறுகு."

நதீராவின் முகம் சுருங்கியது. "கடக்காரன் ஏமாத்திட்டானா?"

"இல்ல. அவன் ஒரு பொய்யும் சொல்லல்ல. இது வெயிலுக்கும் சாகாது, உப்புக்கும் சாகாது. இதச் சாக்காட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"அப்ப நல்லதாப் போச்சு. இதப்பத்தி ஒங்களவிட ஆருக்குத் தெரியும்?"

அவர் கையிலிருந்த கொடியைப் பார்த்தார். விரலால் மண்ணில் குழி பறித்து, அதைத் திரும்ப நட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்த பிள்ளைகள் அந்தப் பச்சையில் உருண்டார்கள். குர்பானுக்கு வாங்கிய ஆடுகளை வேலிக்கு வெளியே கட்டச் சொல்லி, வாசலில் காலிதீனே காவல் நின்றார். வீட்டுக்குள் மணல் வருவது குறைந்தது. அதைப் பார்த்துச் சபூறாவும் தன் முற்றத்துக்குக் கேட்டாள். விதையெல்லாம் தேவையில்லை என்று சொல்லி, காலிதீன் வயலில் பிடுங்கிய அறுகை ஒரு சாக்கு நிறையக் கட்டி சைக்கிளில் ஏற்றி வந்தார்.

"மாட்டுக்கா காக்கா?" என்று வழியில் ஒருவர் கேட்டார்.

"இல்ல, நடுறத்துக்கு."

கேட்டவர் நம்பவில்லை. காலிதீன் மணியடித்துக்கொண்டு போனார்.