ஆற்றோடு போன டிஸ்சார்ஜ் புத்தகம்

பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற அப்பா இறந்ததும், கருமாதியன்று அவர் துணிகளை மூட்டையாகக் கட்டி மோகனூர் காவிரியில் விட்டோம். அம்மாவின் குடும்ப பென்ஷனுக்கு, பட்டாளத்தில் இருந்து விடுவிக்கும்போது அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை முன்னாள் ராணுவத்தினர் அலுவலகத்தில் கேட்டபோதுதான், அது அவருடைய கோட்டுப் பையில் இருந்தது நினைவுக்கு வந்தது. ராணுவ எண்ணாவது வேண்டும் என்றார்கள். அதுவும் தெரியாது.

மாட்டுக்குப் புண்ணாக்கு எடுக்கப் போனேன். புண்ணாக்குப் போட்டு வைத்திருந்த அப்பாவின் பட்டாளப் பெட்டி மூடியில், வெள்ளை பெயின்டில் அந்த எண்! எழுதி அனுப்பினோம். எங்கோ வடக்கே இருக்கும் ராணுவ ஆவண அலுவலகத்தில் இருந்து நகல் வந்தது. அப்பாவின் உயரம், புருவத் தழும்பு, மனைவி பெயர், எல்லாம் இருந்தன. வாசித்துக் காட்டினேன்.

"ஏஞ்சாமி, எம்பேரு அத்தன தூரத்துலயும் இருக்குதா?" என்ற அம்மா, அந்தத் தாளைத் தொடவே தயங்கினார்.

பென்ஷன் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் யார் வீட்டுக் கருமாதிக்குப் போனாலும், துணிமூட்டை ஆற்றில் இறங்கும் முன் பைகளைத் தடவிப் பார்த்துவிடுகிறேன்.