ஆளுக்குப் பாதிக் கண்காட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மாவின் மகள், கடல் கடந்து ஹில்ஸ்பரோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எனக்கு எல்லாமே பாதியாகிவிட்டது. அறை பாதி, அலுமாரி பாதி, படுக்கும்போது அம்மாவும் பாதி. எனக்கு ஏழு வயது, வந்த அக்காவுக்குப் பத்து. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அம்மா மிக்சரைக்கூட அளந்து பங்கிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் அப்பா நியூ லின்னில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து, இரண்டு வில்லைகளும் மரப்பிடியும் கொண்ட படம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தார். அதில் செருக ஒரே ஒரு அட்டை. நூறு வருடத்துக்கு முந்திய உலகக் கண்காட்சி ஒன்றின் படம் அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தரம் ஒட்டியிருந்தது. வில்லைகளுக்குள் பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். கண்ணாடி மண்டபம் பின்னுக்குப் போகும், நீரூற்று முன்னுக்கு வரும், தொப்பி வைத்த ஒரு தாயும் அவர் கையைப் பிடித்த சிறுமியும் தொடலாம்போல நிற்பார்கள்.

அக்கா எடுத்தால் வைக்கமாட்டாள். ஒருநாள் பார்த்துக்கொண்டே வெறுங்காற்றில் கையை நீட்டித் தடவினாள். நான் சிரித்தேன், பிறகு அழுதேன்.

"இட்ஸ் நாட் ஃபேர்! எல்லாம் அவவுக்குத்தான்!"

அம்மா கத்தரிக்கோலோடு வந்தார். "ரெண்டும் ஒரே படம்தானே. ஆளுக்கொண்டு."

"ஐயோ, வெட்டாதையும்!" என்று அப்பா ஓடி வருவதற்குள் கண்காட்சி இரண்டாகிவிட்டது. ஒன்று இடக்கண்ணுக்கு, மற்றது வலக்கண்ணுக்கு, சேர்ந்தால்தான் படம் எழும்பும் என்று அவர் விளக்கினார். யார் கேட்டது? என் பாதியைச் செருகிப் பார்த்தேன். தட்டையாகக் கிடந்தது. நல்லதெல்லாம் அவளுடைய பாதியோடு போய்விட்டது என்றே நம்பினேன்.

"உன்ரையை ஒருக்காத் தாவன், பாத்திட்டுத் தாறன்," என்று கேட்டாள் அக்கா.

கொடுப்பேனா? "தரமாட்டன். இது என்ரை. அம்மாவும் என்ரை அம்மா."

அக்கா சண்டை பிடிக்கவில்லை. தன் பாதியையும் என் கையில் வைத்தாள். "நீயே வச்சிரு. எனக்குச் சின்னம்மா வேண்டாம். எனக்கு அம்மா இருக்கிறா."

இதைவிட நல்ல செய்தி உண்டா? அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினேன். "அக்காவுக்கு நீங்கள் வேண்டாமாம். அவவுக்கு அம்மா இருக்கிறாவாம்," என்று அம்மாவிடம் ஒப்பித்தேன். பெரியம்மாவிடமிருந்து மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அம்மா அடுப்பை அணைத்தார். அறைக்குப் போய், அவ்வளவு வளர்ந்த பெண்ணை இழுத்து மடியில் இருத்திக்கொண்டு அழுதார். நான் இரண்டு துண்டுகளையும் பிடித்தபடி வாசலில் நின்றேன். வேண்டாம் என்று சொன்னவளுக்கு அம்மாவை முழுதாகக் கொடுப்பது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவே இல்லை.