அஞ்சு மணி நேர மெட்ராஸ்

மலாயாவுல, புலாவ் செபாங்கில ஜவுளிக்கடை வச்சிருந்த பெரியதம்பியை ஊர்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ஏரோப்பிளேன்காரர்னுதான் சொல்லுவோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தஞ்சுல ஒரே ஒரு தடவை சிங்கப்பூர்ல இருந்து மெட்ராஸுக்குப் பிளேன்ல போனார். திரும்பி வந்தது கப்பல்ல. அதை மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்.

எதிர்த்தாப்புல என் டீக்கடை. கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. "ஆயிரத்து எண்ணூறு மைலு. ஏழு மணிக்கு ஏறினேன், பன்னெண்டுக்கு மெட்ராஸ். அஞ்சே மணி நேரம் லா." காட்டுக் கம்யூனிஸ்ட்டுக்குப் பயந்து பொழுது சாஞ்சா ஊரடங்கு போட்ட காலம் அது. வேட்டி வாங்க வந்த ரப்பர் தோட்டத்து ஜனம் பாவம், முள்வேலி கேட் மூடுறதுக்குள்ள லயத்து வீட்டுக்கு ஓடணும். இவர் நிறுத்தி வச்சு மேகத்தைப் பத்திப் பேசுவார்.

மெட்ராஸ் கடிகாரம் நம்ம கடிகாரத்துக்கு ரெண்டு மணி நேரம் பின்னாடி. பிளேன் பறந்தது ஏழு மணி நேரம். தபால்காரர்ல இருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரைக்கும் சொல்லிப் பார்த்துட்டோம். நீ பிளேன்ல போயிருக்கியான்னு கேட்டு வாயை அடைச்சிடுவார்.

மக குஞ்சம்மாவுக்கு வயசு ஏறிக்கிட்டே போச்சு. இங்க வந்த வரன் ஒண்ணும் இவருக்கு ஆகல. பிளேன்ல போய் வந்து ரெண்டு வருஷம் கழிச்சு மெட்ராஸ்ல சிவசாமின்னு ஒரு மாப்பிள்ளையைப் பிடிச்சார். நாலு நாள் முன்னாடியே அனுப்புறோம்னு பையன் வீட்டுல சொன்னாங்க. வேண்டாம்னுட்டார். கல்யாணத்துக்கு முத நாள் காலையில ஆறு மணிக்கு அங்க ஏறினா பதினோரு மணிக்குச் சிங்கப்பூர், அங்கிருந்து கார்ல பொழுது சாயறதுக்குள்ள நம்ம வீடு, மறுநாள் விடிஞ்சதும் முகூர்த்தம். ஊரே வாயைப் பிளக்கணுமாம்!

பிளேன் இறங்கினது மூணு மணிக்கு. கார் பாதி வழி வர்றதுக்குள்ள ரோட்டுல ஊரடங்கு. மாப்பிள்ளையை ஏதோ ஒரு செக்போஸ்ட்டு பெஞ்சுல ராத்திரி முழுக்க உட்கார வச்சுட்டாங்க. அவங்கம்மா கொடுத்தனுப்பின அதிரசத்தை, காட்டுல இருக்கிற கம்யூனிஸ்ட்டுக்குப் போகுதுன்னு பிடுங்கிக்கிட்டாங்க.

இங்க முகூர்த்தம் வந்துச்சு, போச்சு. குஞ்சம்மா பட்டுச் சேலையோட பந்தல்ல தனியா உட்கார்ந்திருந்தா.

ஒன்பதரைக்குக் கார் வந்துச்சு. கசங்கின சட்டையோட இறங்கின பையன், பிளேன் சரியான நேரத்துக்கு, மூணு மணிக்குத்தான் வந்துச்சு மாமா, ரெண்டு ஊர்க் கடிகாரமும் வேறன்னு பணிவாத்தான் ஆரம்பிச்சான். அவ்வளவுதான், இவருக்கு வந்துச்சே கோபம். பொய் சொல்றவனுக்குப் பொண்ணு கிடையாது, காரைத் திருப்புன்னு கத்தினார். கார் டிரைவரைச் சாட்சிக்கு இழுத்தார். அவனும் மூணு மணின்னுதான் சொன்னான். விடுவாரா மனுஷன்? நியாயம் கேட்டுத் தெருவுக்கே போயிட்டார்.

வாசல்ல திகைச்சு நின்ன பையனைக் குஞ்சம்மா ஒரு தடவை பார்த்தா. அப்புறம் தாய்மாமன் தங்கையாவைக் கூப்பிட்டா.

"பதினொண்ணோ மூணோ, அவரு வந்துட்டாருல்ல மாமா. உள்ள கூட்டிட்டு வந்து தாலியை எடுத்துக் கொடுங்க."

தங்கையாவே தாரை வார்த்தான். கெட்டிமேளம் கொட்டினப்போ ஏரோப்பிளேன்காரர் ரோட்டுல ஒரு லோரிக்காரனை நிறுத்தி அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டிக்கிட்டிருந்தார். சத்தம் கேட்டு ஓடி வந்தார். அதுக்குள்ள மூணு முடிச்சும் விழுந்திருச்சு.