இடது கார்னர்

கபடியில் நான் இடது கார்னர். பாடிக்கொண்டு உள்ளே வருகிறவளின் கணுக்காலைப் பிடித்துச் சாய்ப்பதுதான் என் வேலை. உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் ஊர்க் களத்துமேட்டில் தொடங்கிய அந்த வேலை, என்னை மாநில அணி வரைக்கும் டீவி வரைக்கும் கொண்டுபோனது. பிறகு மூட்டு ஜவ்வு கிழிந்தது. சரி செய்தார்கள். திரும்பவும் கிழிந்தது. "நடக்கலாம், குனியலாம், வீட்டு வேலை செய்யலாம், மேட்ச் மட்டும் வேண்டாம்" என்றார் டாக்டர். ஊறுகாய் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். ரெஸ்ட் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். ஆட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. அணியின் வாட்ஸ்அப் குழுவில் முதல் வாரம் ஏகப்பட்ட ஆறுதல். அப்புறம் அது அடங்கிப்போனது. என்னை யாரும் நீக்கவில்லை. புதிதாக வேறு ஒரு குழு தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அதை அணியில் ஒருத்தி வாய் தவறிச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஊரில் இருக்கிறவர்களுக்கு என்னிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பால் எடுக்க வருகிறவர் தினமும் பைக்கை நிறுத்திக் கேட்பார்.

"இன்னாம்மா, அடுத்த மேட்ச் எப்போ?"

"சொல்றேண்ணா" என்று உள்ளே போய்விடுவேன். மேட்ச் இல்லையென்றால் இவர் என்னிடம் வேறு எதைப் பற்றிப் பேசுவார் என்று யோசிப்பேன். ஒன்றும் தோன்றாது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா என் மூட்டில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, "யானை படுத்தாலும் குதிரை மட்டம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. படுத்த யானையைப் போய் யாராவது கேட்டார்களா, உனக்குக் குதிரை மட்டம் போதுமா என்று?

சம்பா நடவு வந்தது. எங்கள் நிலத்துக்கு வழக்கமாக நடவாட்களைக் கூட்டிக்கொண்டு வருகிற அக்கா, பருத்த உடம்பு, பெரிய குரல். அம்மா வயது இருக்கும். ஆனாலும் ஊருக்கே அக்கா. நான் வரப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, கோயில் செல மாரி குந்திக்கினு கீற? எறங்கு" என்றார். "அவளுக்கு மூட்டு வலி, அக்கா" என்றார் கூட நட வந்திருந்த என் அண்ணி. "மெதுவா நடட்டும். இன்னா, ரயிலு புடிக்கவா போறோம்?" என்றார் அக்கா.

இறங்கினேன். இறங்குமுன் சேற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மைதானத்துக்குள் போகுமுன் செய்கிற பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. பெண்கள் சிரித்தார்கள். வரிசையில் எனக்குக் கிடைத்த இடம் இடது கோடி.

குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தோம். நான் விட்ட இடைவெளியை நிரப்ப அக்கா என் பக்கம் காலை எடுத்து வைத்தார். கண்ணில் பட்டது ஒரு கணுக்கால் மட்டும்தான். அதன் பிறகு நான் எதையும் நினைக்கவில்லை. நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அக்கா தொப்பென்று சேற்றில் உட்கார்ந்தார்.

ஒருத்தி "பாயிண்டு!" என்று கத்தினாள். வயலே சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

"அடிப்பாவி, நான் இன்னா எதிர் டீமா? இதே புடிய அடுத்த மேட்ச்ல புடி, டீவில பாக்கறோம்."

"அடுத்த மேட்ச் இல்லக்கா" என்றேன். "இனிமே ஆட முடியாது. எல்லாம் முடிஞ்சிபோச்சி."

சொல்லிவிட்டேன். சேற்றுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அண்ணி நட்டது பாதியில் நிற்க என்னையே பார்த்தார். வீட்டுக்குள் ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

அக்கா சேற்றை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே பேசினார்.

"அவுட்டானவ கோட்டுக்கு வெளிய குந்துவா. கூட ஆடறவ எதிராளிய அவுட்டாக்கினா இவ திரும்ப உள்ள வந்துடுவா. உன் ஆட்டத்த பாத்துதான இதெல்லாம் கத்துக்கினோம்? இத்தினி பேரு கீறோம், உன்ன வெளியவே குந்தவெச்சிடுவமா? அழுவாத. கைய குடு, தூக்கு என்ன. மூட்டு பத்திரம்."

கை கொடுத்தேன். இன்னும் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். நான் அவரைத் தூக்கினேனா, அவர்கள் என்னைத் தாங்கினார்களா, தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் பால்காரர் பைக்கை நிறுத்தினார். "இன்னாம்மா, மேட்ச் எப்போ?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா குரல் கொடுத்தார். "அவ இனிமே ஆடல. எங்களோட நட்டுக்கினு கீறா. நீ போய் பால எடு."

"அப்படியா? சரி சரி. நெருக்கி நடு பாப்பா, போன தபா உங்க வயல்ல ஒரே சந்து" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். மாதக்கணக்காக நான் பயந்துகொண்டிருந்த பேச்சு அவ்வளவுதான்.

சாயங்காலம் வரப்பில் கால் கழுவும்போது, "நாளைக்கும் வரேன்க்கா" என்றேன்.

"வா. ஆனா கோடியில நிக்காத, எவ காலயாவது வாரிடுவ" என்றார். புடவைச் சேற்றைப் பிழிந்துகொண்டே சொன்னார். "நடுவுல நில்லு. ரெண்டு பக்கமும் நாங்க கீறோம்."