இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த இருமல்

மாலை நான்கு மணிக்கு மேல் உடம்பு லேசாகச் சுடும். விளக்கு வைக்கும் நேரத்தில் வேர்த்து அடங்கும். சிரித்தால் இருமல் வரும். வேறு யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால் நாற்காலியை விட்டு எழாமலே நோயின் பெயரைச் சொல்லியிருப்பேன். எனக்கு வந்தபோது கல்லூரித் தூசி என்றேன். புதுக் கட்டடம், பாதிச் சுவர் இன்னும் பூசாமல் கிடந்தது.

நகரிப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம் என்னுடையது. திருப்பதியில் மருத்துவம் படித்து, சித்தூர் அரசு மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அந்த ஏக்கம் எனக்கு உண்டு, மறைப்பானேன். அதனால்தான் கிரானைட் தொழிலில் இருந்த ஒருவர் சாலையோரம் மருத்துவக் கல்லூரி தொடங்கி என்னை முதல்வராகக் கூப்பிட்டதும் போய்விட்டேன். தாராளமயம் வந்த சமயம் அது. கையில் வசதி இருந்தவர்கள் எல்லாரும் கல்லூரி தொடங்கினார்கள்.

முதல்வர் என்றால் பாடம் நடத்துகிறவர் என்று நினைத்திருந்தேன். இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தயார் செய்வதுதான் வேலை. தில்லியிலிருந்து குழு வந்து வார்டைப் பார்க்கும். காலிக் கட்டில்கள் இருந்தால் அடுத்த வருட அனுமதி கிடையாது. எங்களிடம் கட்டில் இருந்தது, நோயாளி இல்லை. ஆகவே அன்றைக்குக் கல்லூரிப் பேருந்து எல்லைக் கிராமங்களுக்குப் போகும். ஆட்களை ஏற்றி வந்து, சாப்பாடு போட்டு, போர்வை கொடுத்துப் படுக்க வைப்போம். ஆளுக்கொரு நோயும், அதற்குத் தக்க லேப் முடிவும் எழுதி கேஸ் ஷீட் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு) தயாராகும். கையெழுத்து என்னுடையது.

அப்படி வந்தவள் கன்னியம்மா. கூலி வேலைக்குப் போகிறவள், நாற்பது வயதிருக்கும். அவளுக்கு நுரையீரல் காசநோய் என்று எழுதியிருந்தோம். சளியைப் பார்க்காமலே லேபில் பாசிட்டிவ் (கிருமி இருக்கிறது) என்று போட்டார்கள். குழு வந்து நின்றபோது அவள் இருமிய இருமலில் அவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். நான் குனிந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மேல் நுரையீரலில் கரகரப்பு கேட்கிறது என்று விளக்கினேன். உண்மையில் கேட்டதா, கேட்டதுபோல நடித்தேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

குழு போனதும், நன்றாக இருமினாய் என்று அவளைப் பாராட்டினேன்.

"நடிக்கல சார். நெஜமாவே ரெண்டு மாசமா இருமிக்கினு கீறேன்" என்றாள்.

சாப்பாட்டுக்கு மேல் ஏதாவது எதிர்பார்க்கிறாள் என்று சந்தேகப்பட்டேன். ஓ.பி.க்கு (வெளிநோயாளர் பிரிவு) வரச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். மாலையில் பேருந்து அவளை ஊரில் இறக்கிவிட்டது.

எட்டு மாதம் கழித்து எனக்கு அந்த மாலைச் சூடு. எங்கள் லேபில் சளி கொடுத்தேன். நெகட்டிவ் என்று வந்தது. எக்ஸ்ரேயும் சரியாக இருக்கிறது என்றார்கள். நான் நம்பவில்லை. முதல்வருக்கு நோய் என்று எந்த ஊழியர் எழுதுவார்? அந்த லேப் எப்படி முடிவு எழுதும் என்று எனக்குத் தெரியாதா? வேலியே பயிரை மேய்ந்தது, அந்த வேலி நான்தான்.

புற்றுநோயை மறைக்கிறார்களோ என்று தோன்றியது. துணை முதல்வர் நலம் விசாரித்தால், என் நாற்காலியை அளவெடுக்கிறார் என்று பட்டது. மனைவி வசந்தா காட்டிய தெர்மாமீட்டரைக்கூட உதறி மறுபடி வைத்துப் பார்த்தேன். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"தெனம் ஒடம்பு சுட்டுக்கினு கீது, நீங்க பேப்பரையே பாத்துக்கினு கீறீங்க. உங்க காலேஜு வேணாம், திருப்பதிக்குப் போங்க."

திருப்பதி அரசு மருத்துவமனையில் என் நைனாவின் (அப்பாவின்) பெயரைக் கொடுத்து, முனுசாமி என்று சீட்டு வாங்கினேன். மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகளுக்கு நடுவில் வரிசையில் நின்றேன். இரண்டு நாள் சளி கொடுத்தேன். மூன்றாம் நாள் "முனுசாமி" என்று கூப்பிட்ட டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ரமணா, சித்தூரில் என்னிடம் பயிற்சி டாக்டராக இருந்தவர்.

"பேரு உங்களுது இல்ல சார். சளி உங்களுதுதானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் தலையசைத்தேன். அவர் காகிதத்தை நீட்டாமல் மைக்ராஸ்கோப்பைக் காட்டினார். நீலத்துக்குள் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள், காசநோய்க் கிருமிகள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

கன்னியம்மா அப்போதுதான் நினைவுக்கு வந்தாள். அவளிடமிருந்துதான் ஒட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. என்னெதிரே இருமியவர்கள் ஆயிரம் பேர். ஆனால் அவளுடைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தபோது, கடைசி வரியில் "குணமடைந்தார்" என்று என் கையெழுத்து இருந்தது. அவளுக்கு நாங்கள் ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள், சுகாதாரப் பணியாளர் பார்க்க மாத்திரை விழுங்க வேண்டும். ஒரு டாக்டரையே நம்பாத ஏற்பாடா என்று முதல் நாள் கோபம் வந்தது. சிறுநீர் சிவந்து போனது, ரிஃபாம்பிசின் (காசநோய் மருந்து) செய்கிற வேலை அது. மாத்திரை உள்ளே போய்விட்டதற்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த வாரமே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். எலும்பும் தோலுமாக இருந்தாள். என் பின்னால் எட்டிப் பார்த்து, பஸ் எங்கே, எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று கேட்டாள். சளி டப்பாவை அரை மனதோடு வாங்கினாள். ரமணாவிடம் கொடுத்துப் பார்த்ததில் பாசிட்டிவ். நாங்கள் இட்டுக்கட்டி எழுதிய முடிவு அப்படியே நிஜமாக இருந்தது.

சுகாதாரப் பணியாளரோடு மாத்திரை கொண்டுபோன அன்று அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விழுங்காமல் நின்றாள்.

"அப்போ நான் இருமினத நீங்க நம்பல. இப்போ இத நான் எப்பிடி நம்பறது?"

என் பங்கு மாத்திரைகளை எடுத்து அவள் எதிரிலேயே விழுங்கினேன். "ஒண்ணுக்கு செவப்பாப் போவும். போவலேன்னா மறுபடி துன்ன வேணாம்" என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "செவப்பாத்தான் போச்சு" என்று கையை நீட்டினாள். அதன்பிறகு அவள் விழுங்குவதை உடனிருந்து பார்ப்பது என் பொறுப்பானது.

அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பேருந்து கிளம்பும் முன் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். வேறொருவர் வந்தார், பேருந்தும் போயிருக்கும்.

இதைப் படிக்கிறவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைக் கொடுங்கள். ஆறு மாதச் சிகிச்சை பெரிய மலைப்பாகத் தெரியும். எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் நாளாக இருந்தது, மற்றவை அதற்காகக் காத்திருந்த நேரம். குணமாகிவிட்டேன். ஆனாலும் மாலை நான்கு ஆனால் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. முன்பு அடுத்தவர் நாடியைப் பிடித்த கை.

கன்னியம்மாவின் கடைசி மாத்திரை நாளில் அவளுடைய சிகிச்சை அட்டையை என்னிடம் கொடுத்தார்கள். "குணமடைந்தார்" என்று எழுதி, மாத்திரை விழுங்கியதை உடனிருந்து பார்த்தவன் என்று என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அதே வார்த்தை. பேனாவைத் திறந்தேன், கை நகரவில்லை.

அவள் அட்டையை என் பக்கம் நகர்த்தினாள்.

"போடுங்க சார். இப்போ நான் இருமல."