உறை பிரிக்காத மேசை

புதுப் பிளாஸ்டிக்கின் நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கு ஏதோ ஒரு கம்பெனி டேபிள் டென்னிஸ் மேசை கொடுத்தபோது, அதன்மேல் இறுக்கிக் கட்டியிருந்த கனத்த பாலித்தீன் உறையிலிருந்து அந்த நெடி வராந்தா முழுக்க வீசியது. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ பிடித்தார்கள், எங்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். உறையை மட்டும் யாரும் பிரிக்கவில்லை.

"கவர் மேல எவனாவது கைய வெச்சீங்க, தோலை உரிச்சிடுவேன். பாழாயிடும்!" என்றார் பி.டி. சார். டிவி ரிமோட்டுக்கு உறை, புது வண்டியின் சீட்டுக்கு உறை என்று வாழ்கிற ஊர் எங்களுடையது. அவர் மட்டும் வேறெப்படி இருப்பார்? கம்பெனிக்காரர்கள் எப்போது திரும்பி வந்தாலும் மேசை "புத்தம் புதுசா" இருக்க வேண்டுமாம். ஆகவே உறையின் மேலேயே நெட்டைக் கட்டி, உறையின் மேலேயே ஆடினோம். பந்து "தொப்"பென்று விழுந்து அப்படியே படுத்துக்கொள்ளும்.

அந்தச் செத்த பந்தை எழுப்பத் தெரிந்தவள் என் வகுப்புத் தேவகி ஒருத்திதான். முழங்காலை மடக்கித் தாழக் குனிந்து, இருக்கிற பலத்தையெல்லாம் மணிக்கட்டில் கொண்டுவந்து ஒரே தூக்காகத் தூக்குவாள். பையன்களில் ஒருத்தனும் அவள் எதிரில் நிற்க மாட்டான்.

பத்தாவது படிக்கும்போது, தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பன்னிரண்டாவது வரை படிப்பு. "ஜெயிச்சா ஆஸ்டலுக்குப் போ. தோத்தா வூட்லயே குந்து" என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

பி.டி. சாரோடு நானும் அவளுக்குத் துணையாகப் போனேன். அங்கே மேசைக்கு உறை இல்லை. முதல் பந்து "டக்"கென்று விழுந்து தேவகியின் நெஞ்சுயரத்துக்கு எழும்பியது. குனிந்து நின்றவள் திகைத்துப் போனாள். பிறகு அவள் அடித்த பந்தெல்லாம் எதிராளியின் தலைக்கு மேலே பறந்து சுவரில் மோதியது. "இன்னாடி இது, பந்துக்குப் பேய் புடிச்சிக்கினு கீது!" என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பாவி, நானும் சிரித்தேன்.

பேருந்தில் திரும்பும்போது பி.டி. சார் எங்களுக்குச் சமாதானம் சொன்னார்: "நம்மாளுங்களுக்கு ஒடம்புவாகு பத்தாதும்மா. சீனாக்காரன் பொறக்கும்போதே பேட்டோட பொறக்கறான்." தேவகி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

அந்தச் சமாதானத்தை நானும் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு. இப்போது நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்துவதற்காகச் சீனாவிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தாள். டேபிள் டென்னிஸில் உங்கள் ஊரில் மட்டும் எப்படி இத்தனை பேர் ஜெயிக்கிறீர்கள் என்று கேன்டீனில் கேட்டேன். அவள் செல்போனை எடுத்து, தன் வீட்டுத் தெருவின் படத்தைக் காட்டினாள். நடைபாதை ஓரத்தில் சிமென்ட்டில் கட்டிய மேசை, நெட்டுக்குப் பதிலாக ஒரு வரிசைச் செங்கல், மழையில் நனைந்து விளிம்பெல்லாம் பெயர்ந்து கிடக்கிறது, அதில் ஒரு கிழவரும் ஒரு சின்னப் பெண்ணும் ஆடுகிறார்கள். உடைந்தால் வேறொன்று கட்டிவிடுவார்கள் என்றாள். இவ்வளவுதானா! ரத்தமாம், உடம்புவாகாம், மண்ணாங்கட்டி! ஆடித் தேய்ப்பதற்குத்தான் மேசை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு மேசைதான் பெரிதாக இருந்தது, ஆடுகிற பிள்ளை அல்ல.

போன மாதம் எங்கள் பள்ளியின் பழைய வராந்தாவை இடித்தார்கள். நானும் தேவகியும் பார்க்கப் போயிருந்தோம். இப்போது தலைமை ஆசிரியராகிவிட்ட அதே பி.டி. சார், மஞ்சளாய்ப் பழுத்துப்போன அந்த உறையை எங்கள் எதிரிலேயே பிளேடால் கிழித்தார். உள்ளே நீல மேசை பளபளத்தது. "பாத்தீங்களா, எவ்ளோ பத்திரமா வெச்சிருந்தேன்!" என்றார் பூரிப்போடு.

தேவகி ஒரு பந்தை எடுத்து மேசைமேல் விட்டாள். "டக்"கென்று நெஞ்சுவரை எழும்பியது. சாரிடம் பேட்டை வாங்கி ஒருமுறை வீசினாள். பத்து வருடமாக அசெம்பிளி லைனில் ஸ்க்ரூ முடுக்கிய மணிக்கட்டு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அன்னிக்கே இத்தக் கிழிச்சிருந்தா இன்னா சார் கொறஞ்சி போயிருக்கும்?" என்றாள்.

அவர் பந்து விழுந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.