டைட்டிலில் ஓடிய கந்தசாமி

போன ஞாயிறு மத்தியானம் ஒரு பிரெஞ்சுப் படம் பார்த்தேன். கதையை மட்டும் கேட்காதீர்கள். கதாநாயகி ஜன்னலைப் பார்க்கிறாள்... பார்க்கிறாள்... பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பாட்டு இல்லை, இடைவேளை இல்லை. ஆனால் இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த தியேட்டரை விட்டும் வெளியே வந்ததில்லை!

கூட்டிப் போனது, மெல்பர்ன் கிரான்பர்னில் எங்கள் பக்கத்து வீட்டு பரிமளம் அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர். மகன் சுதன் பாரிஸில் சினிமாவுக்கு லைட் போடுகிறான். அவன் வேலை செய்த படம் மெல்பர்ன் பட விழாவுக்கு வந்திருந்தது.

"முடிவில பேர் போடுவினமாம் தம்பி. அதை இவர் பாக்க வேணும்."

இவர் என்றால் கந்தசாமி அங்கிள். மகன் அக்கவுண்டன்சி படிப்பை விட்டுவிட்டு லைட் தூக்கப் போன நாளிலிருந்து அவனோடு பேச்சு வார்த்தை இல்லை. பிள்ளையோடு பேசாமல் இருப்பதில் நம் அப்பாக்களை அடித்துக்கொள்ள ஆள் உண்டா? "தியேட்டரில் ஏசி நல்லா இருக்கும் அங்கிள்" என்று சொல்லித்தான் காரில் ஏற்றினேன்.

ஏசி நன்றாகத்தான் இருந்தது. படம் தொடங்கியதுமே குறட்டை!

ஒருவழியாகப் படம் முடிந்தது. எல்லோரும் கிளம்பினார்கள். திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அன்ரி எழுந்து நின்றார். கீழேயிருந்து ஏறி வந்தது ஒரு வரி – கந்தசாமி சுதன்.

"இஞ்சாருங்கோ!"

அங்கிளிடம் அசைவில்லை. பெயரோ ஏறிக்கொண்டே இருக்கிறது.

"இஞ்சாருங்கோ, எழும்புங்கோ!"

பாதித் திரை தாண்டிவிட்டது. கல்யாணமான நாள் முதல் கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்லாதவர் அன்ரி. நான் கூட்டிப் போகும் கிளினிக்கில் கணவர் பெயர் கேட்டால்கூட, பதிலுக்கு என் முகத்தைத்தான் பார்ப்பார். இப்போது என்ன செய்வார், பாவம்?

"கந்தசாமீ...!"

அங்கிள் துள்ளி எழுந்தார். வாசல் வரை போனவர்களும் திரும்பினார்கள். அன்ரி கை நீட்டிய இடத்தை அங்கிள் பார்த்தார். பார்த்த கையோடு பெயர் மேலே போய் மறைந்தது.

"என்ர பேரை ஏன் போட்டவன்?"

"தேப்பன்ர பேரைப் போடாமல்?"

அதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண்மணி ஓடி வந்தார். படத்தின் டைரக்டர்! "கந்தசாமியா? வந்திருக்கிறானா? எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்பா பெயரை முன்னால் எழுதுகிற வழக்கம் பிரெஞ்சுக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? முதலில் இருப்பதுதான் கூப்பிடும் பெயர் என்று நினைத்துவிட்டார்கள். நான் விளக்கியதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"செட்டில் நாள் முழுக்க அந்தப் பெயரைத்தான் கத்துவோம். கந்தசாமி வந்தால்தான் எங்களுக்கு வெளிச்சமே! அவன் ஒருநாளும் திருத்தியதில்லையே... கூப்பிட்டால் சிரித்துக்கொண்டு ஓடி வருவான்."

அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான் – சொல்வதற்கு என்ன வெட்கம்?

காரில் திரும்பினோம். ஒரு சிக்னலில் நின்றபோது அங்கிள் அன்ரியின் ஃபோனை வாங்கினார். பாரிஸுக்கு அடித்தார்.

"ஹலோ... கந்தசாமியோ?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "இஞ்சயும் கந்தசாமிதான் கதைக்கிறன்."

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன்.

அடிங்கப்பா... நல்லா அடிங்க!